'இணைக்க முடியவில்லை' என்று டிவி பெட்டி சொன்னால்

டிவியில் செருகிய ஸ்டிக்கோ பக்கத்தில் வைத்த ஆண்ட்ராய்டு பெட்டியோ "நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை" என்று காட்டினால், வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒரே வரிசைதான். ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். பாஸ்வேர்டை ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி மறுபடி அடிப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட், அதாவது பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவது. பிறகும் அதே வரி திரையில் நின்றால், "பெட்டி போயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்". இதில் முதல் வேலை சரி. இரண்டாவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மூன்றாவதில்தான் எனக்குத் தகராறு. 2025 மார்ச்சில் அவசரப்பட்டு ரீசெட் செய்த குரோம்காஸ்ட்காரர்கள் (டிவியில் செருகும் கூகுளின் கருவி அது), சும்மா இருந்தவர்களைவிட அதிகம் அவதிப்பட்டார்கள். அந்த விவகாரத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

திரையில் வரும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம். வைஃபையில் சேர்வது ஒரே செயல் போலத் தெரிந்தாலும் அது படிப்படியாக நடப்பது. முதலில் ரவுட்டரின் பெயர் பெட்டிக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் பாஸ்வேர்டு சரிபார்ப்பு. அது முடிந்ததும் ரவுட்டரிடம் தனக்கென ஓர் ஐபி முகவரி கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரை எட்ட வேண்டும். தயாரிப்பாளர் குறித்து வைத்திருக்கும் ஒரு சர்வரைத் தொட்டு, இன்டர்நெட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக ஆப் தன் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும்போது தேதியும் சான்றிதழும் ஒத்துப்போக வேண்டும். எந்தப் படியில் சறுக்கினாலும் பெரும்பாலான பெட்டிகள் சொல்வது ஒரே வாக்கியம். எந்தப் படியில் நின்றது என்று தெரியாமல் செட்டிங்ஸில் கை வைத்தால், பழைய கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு கைப்பேசி போதும். டிவிக்குப் பக்கத்தில், ஸ்டிக் இருக்கும் இடத்திலேயே கைப்பேசியை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் ஒரு வீடியோவை ஓட விடுங்கள். அங்கேயே திணறினால் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. கைப்பேசியில் நன்றாக ஓடினால் அடுத்த சோதனை: இன்னொரு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, பெட்டியை அதில் சேர்த்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்வது நல்லது. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து படமும் ஓடினால் பெட்டியின் வைஃபை சில்லு உயிரோடு இருக்கிறது; சிக்கல் ரவுட்டர் பக்கம், அல்லது இரண்டுக்கும் நடுவில். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தும் ஆப் திறக்கவில்லை என்றால் கோளாறு கடைசிப் படியில். ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியவில்லை என்றால்தான் பெட்டியின் மேல் சந்தேகப்பட வேண்டும். கொஞ்ச நேரத்தில் முடிகிற சோதனை இது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் காத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவு.

பெயரே தெரியவில்லை

பட்டியலில் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வருகிறது, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. இதற்கு முதல் காரணம் பேண்டு, அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை. 2013-ல் வந்த முதல் தலைமுறை குரோம்காஸ்ட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளிலும் இன்றும் அப்படிப்பட்டவை உண்டு. ரவுட்டரில் யாராவது 2.4-ஐ அணைத்து 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் விட்டிருந்தால், அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை வீட்டில் வைஃபையே கிடையாது. ரவுட்டருக்குள் போய் இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பது உடனே வெளிச்சமாகிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எதில் சேர்ப்பது என்பதை ரவுட்டரே முடிவு செய்யும் வசதி கைப்பேசிக்கு நல்லது. பழைய பெட்டிகளுக்கு அது பல நேரம் ஒத்துவராது.

இரண்டாவது காரணம் சேனல் எண், அதாவது அந்த அலைவரிசைக்குள் ரவுட்டர் பிடித்துக்கொள்ளும் தனித் தடம். இது வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்திருக்கும் வீடுகளுக்கு முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்காவுக்கென்று தயாரான கருவிகள் பொதுவாக 1 முதல் 11 வரையிலான சேனல்களையே பார்க்கும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 13 வரை உண்டு. மகனோ மகளோ அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த ஸ்டிக் மாதக்கணக்கில் நன்றாக ஓடியிருக்கும். ஒரு நாள் ரவுட்டர் தானாகவே 12-க்கோ 13-க்கோ தாவியிருக்கும், ஸ்டிக்குக்கு வீட்டுப் பெயர் காணாமல் போயிருக்கும். 'ஆட்டோ' என்றிருப்பதை மாற்றி 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வைத்தால் சரியாகிவிடும். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் என்பதால் எப்படியும் இவையே நல்ல தேர்வு.

5 கிகாஹெர்ட்ஸில் இதைவிட விசித்திரமான ஒன்று நடக்கும். அந்த அலைவரிசையின் நடுப்பகுதியை, அதாவது 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களை, வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துகின்றன. அங்கே போகும் ரவுட்டர் முதலில் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் சிக்னல் தெரிந்தால் 10 வினாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது 2018 அக்டோபரில். அதற்குப் பிறகு வந்த ரவுட்டர்கள் இந்த நடுச் சேனல்களுக்கும் தாராளமாகப் போகின்றன. பெட்டி தயாரித்தவர்களில் சிலரோ இந்தச் சேனல்களை ஆதரிக்கும் சிரமத்தையே எடுத்துக்கொள்ளவில்லை. விளைவு, கைப்பேசியில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பளிச்சென்று தெரியும், பெட்டியில் தெரியாது. ரவுட்டர் மறுபடி வேறு சேனலுக்குத் தாவினால் தானாகவே தெரியும். "சில நாள் வருது, சில நாள் வரலை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 36-லோ 149-லோ நிலையாக வைத்தால் இந்தக் கண்ணாமூச்சி நின்றுவிடும்.

ரவுட்டர் புதிது, பெட்டி பழையது என்றால் இன்னொன்றும் உண்டு. வைஃபை 6 என்ற புதிய முறையில் ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பைப் பழைய சில்லுகளின் டிரைவர் புரிந்துகொள்ளாமல், பெயரையே பட்டியலில் காட்டாமல் விட்டுவிடும். 2.4 பேண்டில் மட்டும் வைஃபை 6-ஐ அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனால் தப்பு என்கிறது

இது பலரையும் எரிச்சலூட்டும் ரகம். ரிமோட்டில் அடிக்கும்போது பெரிய ஓவுக்கும் பூஜ்யத்துக்கும், சிறிய எல்லுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது உண்மைதான். கடைசியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளியும் தொல்லை தரும். 'பாஸ்வேர்டைக் காட்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடித்தால் இதெல்லாம் தீரும். அப்படி அடித்தும் "பாஸ்வேர்டு தவறு" என்றே வந்தால்?

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. பெட்டியும் ரவுட்டரும் தங்களிடம் உள்ள பாஸ்வேர்டை வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, நான்கு செய்திகளில் விடையை ஒத்துப் பார்த்துக்கொள்கின்றன. நடுவில் ஒரு செய்தி தொலைந்து, குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், பெட்டிக்குக் காரணம் தெரியாது. பாஸ்வேர்டு தப்பு என்று ஊகித்துக்கொள்ளும். ஆக, பலவீனமான சிக்னலும் "பாஸ்வேர்டு தவறு" என்ற வேஷத்தில் வரும். பெட்டியைக் கழற்றி ரவுட்டர் இருக்கும் அறைக்குக் கொண்டுபோய், அங்கே வேறு டிவியிலோ மானிட்டரிலோ செருகி அதே பாஸ்வேர்டை அடித்துப் பாருங்கள். அங்கே சேர்ந்துகொண்டால் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு காரணம் பாதுகாப்பு முறை. 2018-ல் டபிள்யூபிஏ3 வந்த பிறகு புதிய ரவுட்டர்கள் பல, டபிள்யூபிஏ2-வையும் 3-ஐயும் கலந்து வைத்திருக்கும் நிலையில் வருகின்றன. கோட்பாட்டளவில் பழைய பெட்டி 2-ல் சேர்ந்துகொள்ள வேண்டும். நடைமுறையில் சில பெட்டிகள் அந்தக் கலவையைப் பார்த்துக் குழம்பி நின்றுவிடுகின்றன. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மட்டும் வைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே, டபிள்யூஇபி, டிகேஐபி என்று பழைய முறைகளுக்கு இறங்க வேண்டாம். பாதுகாப்பு போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த முறைகளில் வைஃபை 4-ன் வேகமே கிடைக்காது, 54 மெகாபிட்டுக்குக் கீழே முடங்கிவிடும்.

டிவியின் முதுகுக்குப் பின்னால்

ஸ்டிக் வடிவப் பெட்டிகளைப் பற்றி விளம்பரம் பெருமையாகச் சொல்வது, டிவிக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பது. வைஃபைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. ஒரு பக்கம் டிவியின் உலோகத் தகடு, இன்னொரு பக்கம் சுவர். நடுவில் சூடான காற்று. அதோடு ஹெச்டிஎம்ஐ துளையிலிருந்தே வரும் மின் இரைச்சல். ஹெச்டிஎம்ஐ கம்பியில் ஓடும் சிக்னலின் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அருகே இரைச்சலைக் கசிய விடக்கூடியது. அந்தத் துளைக்கு ஒட்டியே ஸ்டிக்கின் ஆன்டெனா இருப்பது, கல்யாண மண்டபத்தில் தவில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போன் பேசுவது மாதிரி. டிவி ஸ்டிக்குகள் செய்யும் ரோக்கு நிறுவனம் தன் ஸ்டிக்குகளில் இந்தத் தொல்லை வருவதை ஒப்புக்கொண்டு, கேட்பவர்களுக்குச் சின்ன ஹெச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பியை இலவசமாகவே அனுப்பியது. வேறு சில ஸ்டிக்குகளின் டப்பாவிலேயே அந்தக் கம்பி இருக்கும். பலர் அதைப் பிரிக்காமலே தூக்கிப் போடுகிறார்கள். ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்கு வெளியே தொங்கவிட அந்தச் சாண் நீளக் கம்பி போதும்.

இந்த இரைச்சல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராஸ்பெர்ரி பை 4 நல்ல உதாரணம். கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளைப் போட்டு மீடியா பிளேயராகப் பலர் வைத்திருக்கும் சின்னக் கணினி அது. 2019-ல் அது வந்த சில மாதங்களில் ஒரு புகார் கிளம்பியது: திரையின் தெளிவுத்திறனை 2560-க்கு 1440 என்று வைத்தால் வைஃபை அறுந்துவிடுகிறது, வேறு அளவுக்கு மாற்றினால் திரும்பி வந்துவிடுகிறது. மென்பொருளில் குறையில்லை, பாஸ்வேர்டிலும் குறையில்லை. அந்தத் தெளிவுத்திறனுக்கான ஹெச்டிஎம்ஐ சிக்னல், 2.4 கிகாஹெர்ட்ஸின் தொடக்கச் சேனல்களின் மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. திரை அளவை மாற்றினால் நெட் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம். உங்கள் பெட்டியில் டிவி அணைந்திருக்கும்போது அப்டேட் இறங்குகிறது, படம் போட்டால் அறுகிறது என்றால், ஒரு தடவை தெளிவுத்திறனைக் குறைத்துப் பாருங்கள். அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கும் இதே வேலையைச் செய்யும். யூஎஸ்பி 3.0-வின் சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கூட்டுகிறது என்று இன்டெல் 2012-லேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. படங்கள் நிறைந்த யூஎஸ்பி 3.0 டிஸ்க்கைப் பெட்டியில் செருகியதும் வைஃபை படுத்துவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி ஒரு முறை பாருங்கள். கழற்றியதும் எழுந்துவிட்டால் விடை கிடைத்தாயிற்று: நல்ல கவசம் உள்ள கம்பி, கொஞ்சம் தள்ளி வைப்பது, இல்லையென்றால் பெட்டியில் யூஎஸ்பி 2.0 துளை இருந்தால் அதில் செருகுவது.

அப்புறம் மின்சாரம். "டிவியிலேயே யூஎஸ்பி இருக்கே, எதுக்குத் தனி அடாப்டர்?" என்று ஸ்டிக்கை டிவியின் யூஎஸ்பி துளையில் செருகிவிடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பிளக் பாயிண்ட் மிச்சம், டிவியை அணைத்தால் ஸ்டிக்கும் அணையும், பார்க்க நேர்த்தி. ஆனால் யூஎஸ்பி 2.0 துளையின் தரம் 500 மில்லி ஆம்பியர்தான். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் 5 வோல்ட், 1 ஆம்பியர். ஸ்டிக் பாதி மின்சாரத்திலும் எழுந்துவிடும், மெனு காட்டிவிடும். வைஃபை ரேடியோ முழு வீச்சில் அனுப்பத் தொடங்கும் நொடியில்தான் மின்னழுத்தம் இறங்கி இணைப்பு அறும். சிக்னல் கோடுகள் முழுதாகக் காட்டும், இணைப்பு மட்டும் நிற்காது. மெலிந்த பழைய சார்ஜர் கம்பியைப் போட்டிருந்தாலும் இதே கதை. ரீசெட்டை நினைப்பதற்கு முன் டப்பாவில் வந்த அடாப்டரையும் கம்பியையும் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். வெறும் அடாப்டர் மாற்றத்திலேயே "பழுதான" ஸ்டிக்குகள் பிழைத்து எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்தாயிற்று, இன்டர்நெட் இல்லை

பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் ஐபி முகவரி என்ன என்று பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் நலம். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை, பெட்டி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். கைப்பேசிகள், கேமரா, விளக்கு, மணிக்கட்டுக் கடிகாரம் என்று எல்லாம் வைஃபையில் சேர்ந்த வீட்டில், ரவுட்டர் கொடுக்க வைத்திருந்த முகவரிகள் தீர்ந்திருக்கலாம். இணைய நிறுவனம் தரும் சில ரவுட்டர்களில் ஒரே நேரத்தில் இத்தனை கருவிதான் என்ற வரம்பும் இருக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் இது தற்காலிகமாகச் சரியாவதும், சில நாளில் திரும்புவதும் அதனால்தான். அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் நிரந்தர வழி.

முகவரி சரியாக இருந்தும் "இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை" என்றால் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: இன்டர்நெட் இல்லை என்று பெட்டி சொல்வது ஒரு ஊகம். ஆண்ட்ராய்டு பெட்டி கூகுளின் ஒரு முகவரியைத் தட்டி, 204 என்ற வெற்றுப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது. வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் எதையாவது வீட்டில் போட்டு, அது அந்த ஒரு முகவரியைத் தடுத்துவிட்டாலும் பெட்டி இன்டர்நெட்டே இல்லை என்று சாதிக்கும்.

ரவுட்டரைக் கவிழ்ப்பது பெட்டி பக்கத்து மென்பொருளாகவே இருந்த சம்பவமும் உண்டு. 2018 ஜனவரியில் பல வீடுகளில் ரவுட்டர்கள் அடிக்கடி தொங்கிப்போயின. காரணம், கைப்பேசியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் கூகுளின் காஸ்ட் வசதி. பக்கத்தில் டிவி, ஸ்பீக்கர் உண்டா என்று அது சுமார் 20 வினாடிக்கு ஒரு முறை வீட்டு நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும். கருவி தூங்கி எழுந்ததும், தூங்கிய நேரத்தில் அனுப்பாமல் விட்ட எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பியது. சில சமயம் ஒரு லட்சம் பாக்கெட்டுகளுக்கும் (தகவல் துணுக்குகளுக்கும்) மேல் என்று ரவுட்டர் தயாரிக்கும் டிபி-லிங்க் நிறுவனத்தின் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கூகுள் ஜனவரி 18 அன்று திருத்தம் வெளியிட்டது. அதுவரை எத்தனை பேர் பாவம் ரவுட்டரை மாற்றினார்களோ.

தேதியும் சான்றிதழும்

கடைசிப் படிதான் என் பார்வையில் அதிகம் கவனிக்கப்படாதது. ஆப்புகள் தங்கள் சர்வரோடு பேசுமுன் அதன் சான்றிதழை, அதாவது அது உண்மையான சர்வர்தான் என்பதற்கான டிஜிட்டல் அத்தாட்சியை, சரிபார்க்கும். ஒவ்வொரு சான்றிதழிலும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். மலிவான பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் அதன் தேதி 1970 ஜனவரி 1-க்கோ, மென்பொருள் தயாரான நாளுக்கோ போய்விடும். வைஃபையில் சேர்ந்ததும் நேர சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி போகும் 123 என்ற போர்ட் எங்காவது அடைபட்டிருந்தால் தேதி திருந்தாது. 1970-ல் நிற்கும் பெட்டிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை. எந்த ஆப்பும் திறக்காது, குற்றம் மட்டும் வைஃபை மேல் விழும். செட்டிங்ஸில் தேதியைக் கையால் சரிசெய்தால் போதும். கரண்ட் போய் வந்த பிறகு கிளம்பும் தொல்லைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். தேதி சரி, ஆனால் எந்த மூலச் சான்றிதழ்களை (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானவற்றை) நம்பலாம் என்று பெட்டிக்குள் இருக்கும் பட்டியல் பழசாகிவிட்டது. 2020 மே 30 அன்று ஆட்டிரஸ்ட் என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானபோது ரோக்கு பெட்டிகளில் சில சேனல்கள் (அங்கே ஆப்புகளுக்கு அதுதான் பெயர்) ஓடாமல் போயின. 2021 செப்டம்பர் 30 அன்று, தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குத் தாங்கலாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியாகி, அப்டேட் நின்றுபோன பல கருவிகள் சிக்கின. அந்த இரண்டு நாளிலும் வீட்டு வைஃபையில் எதுவும் மாறவில்லை.

இப்போது குரோம்காஸ்ட். 2015 செப்டம்பரில் வெளியான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் அதோடு வந்த குரோம்காஸ்ட் ஆடியோவும் 2025 மார்ச் 9 அன்று உலகம் முழுக்க ஒரே நாளில் மக்கர் செய்தன. கைப்பேசியிலிருந்து படத்தை அனுப்பினால், நம்ப முடியாத சாதனம் என்று வந்தது. அந்தக் கருவிகள் உண்மையானவைதானா என்று ஆப்புகள் பார்க்கப் பயன்படும் இடைச் சான்றிதழ் (மூலச் சான்றிதழுக்கும் கருவியின் சான்றிதழுக்கும் நடுவில் இருப்பது) ஒன்றின் பத்தாண்டு ஆயுள் அன்றோடு முடிந்திருந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை. வழக்கம்போல மக்கள் ரீசெட் செய்தார்கள். கூகுள் அவசரமாக, ரீசெட் செய்ய வேண்டாம் என்று அறிவித்தது. ஏனென்றால் ரீசெட் ஆன கருவியை மறுபடி வீட்டு வைஃபையில் சேர்க்கும்போதும் அதே காலாவதியான சான்றிதழைத்தான் ஆப் பார்க்கும், வேண்டாம் என்று தள்ளும். மார்ச் 13 வாக்கில் திருத்தம் பரவத் தொடங்கியது. வைஃபையில் இருந்தபடியே விட்டுவைத்தவர்களின் கருவிக்கு அது தானாக வந்து சேர்ந்தது. ரீசெட் செய்தவர்களின் கருவியோ எந்த வைஃபையிலும் இல்லை, திருத்தம் வந்து சேர வழியே இல்லை. கூகுள் ஹோம் ஆப்பின் புதிய பதிப்பு வந்த பிறகுதான் அவர்களுக்கு விடிவு.

ஆகவே, நேற்று வரை ஓடிய பெட்டி இன்று திடீரென்று நின்றால், வீட்டில் எதுவும் மாறவில்லை என்றால், ரீசெட்டுக்கு முன் அந்த மாடலின் பெயரைப் போட்டு மற்றவர்களுக்கும் இப்படியா என்று தேடிப் பாருங்கள். பலருக்கும் ஒரே நாளில் நின்றிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே சரியான வைத்தியம்.

பெட்டியில் நெட் வருகிறது, கைப்பேசிக்கு மட்டும் பெட்டி தெரியவில்லை என்றால் அது வேறு விஷயம். ஒன்று விருந்தினர் வைஃபையிலும் இன்னொன்று முதன்மை வைஃபையிலும் இருக்கும். விருந்தினர் பக்கத்தில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாமல் ரவுட்டர் பிரித்து வைத்திருக்கும். பழைய மீடியா பிளேயரில் கணினியின் படக் கோப்புறை திடீரென்று தெரியாமல் போவதற்கும் வைஃபை காரணமில்லை. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையின் ஓட்டை வழியாகப் புகுந்து ஆடியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. 2010-ஐ ஒட்டி வந்த பிளேயர்களில் பலவற்றுக்கு அந்த முறை மட்டும்தான் தெரியும். ஒரு பிளேயருக்காக அதைத் திரும்ப இயக்குவதைவிட, படங்களை டிஸ்க்கில் போட்டு நேராகச் செருகிவிடலாம்.

ரவுட்டரும் டிவியும் ஒரே கூடத்தில் இருந்தால் இவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டாம், லேன் கம்பி ஒன்று போதும். 2009-ல் வந்த டபிள்யூடி டிவி லைவ் என்ற மீடியா பிளேயரில் வைஃபை உள்ளேயே கிடையாது. கம்பிதான் அதன் இயல்பான வழி, வைஃபை வேண்டுமென்றால் அது ஏற்கும் யூஎஸ்பி டாங்கிளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்றைய ஸ்டிக்குகளில் லேன் துளை இருக்காது, ஆனால் பலவற்றுக்கு யூஎஸ்பி வழியாகச் செருகும் லேன் அடாப்டர் கிடைக்கிறது. வாங்குமுன் அது உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று மட்டும் பாருங்கள். அதன் வேகம் 100 மெகாபிட்தானே என்று தயங்க வேண்டாம்; 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 மெகாபிட்தான்.